பி1 முடித்தாயிற்று, அடுத்தது ஸ்பானிஷ் பட்டப்படிப்பு: எங்கே சறுக்கும்?

புதுத்தாள் எழுதியது:
வணக்கம். ஸ்பானிஷ் பி1 (ஐரோப்பிய மொழி அளவுகோலில் இடைநிலை) வரை வந்தாயிற்று. அடுத்து மொழி, இலக்கியம், பண்பாடு மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்பு. நாலு கேள்வி. மொழி வகுப்புக்கும் பட்டப்படிப்புக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? தமிழ் பேசுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? ஸ்பானிஷ் திறன் தேர்வுகளில் டெலே எழுதுவதா, சியெலே எழுதுவதா? ஸ்பெயின் உச்சரிப்பா, லத்தீன் அமெரிக்க உச்சரிப்பா? 'நிறையப் படிங்க, படம் பாருங்க' ரகப் பதில் ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் கிடைத்துவிட்டது. அது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:
முதல் கேள்விக்குப் பதிலை எண்ணிலேயே சொல்லிவிடலாம். ஸ்பெயினில் ஒரு இசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பாட அளவு) என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பட்டப்படிப்பை 'க்ராதோ' என்பார்கள். நான்கு வருடம், 240 கிரெடிட். ஒரு பாடம் பெரும்பாலும் 6 கிரெடிட், அதாவது 150 முதல் 180 மணி. அதில் வகுப்பில் உட்காருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் வாசிப்பு, எழுத்து, தேர்வுத் தயாரிப்பு. செமஸ்டருக்கு ஐந்து பாடம் என்றால் 750 முதல் 900 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 20 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 37லிருந்து 45 மணி. முழு நேர வேலைதான் இது.

மொழி வகுப்பில் ஸ்பானிஷ்தான் பாடம். பட்டப்படிப்பில் ஸ்பானிஷ் வெறும் கருவி, பாடம் வேறு. முதல் வருடம் மொழித்தாள் ஒன்றிரண்டு கூடவே ஓடும். இரண்டாம் வருடத்தில் ஒலியியல், இலக்கணம், மொழி வரலாறு, இலக்கியம் எல்லாம் ஸ்பானிஷிலேயே வந்து விழும்போது, 'எனக்கு மொழி இன்னும் வரவில்லை' என்பதை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் உடைவது அந்த இடத்தில், அதுவும் பேச்சில் இல்லை, வாசிப்பு வேகத்தில். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் மணிக்கு நாலைந்து பக்கம்தான் நகரும். 25 பக்கக் கட்டுரைக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும், வாரத்துக்கு அப்படி நாலு கட்டுரை இருக்கும்.

சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். தினம் மூன்று பக்கம் கட்டுரை நடை வாசிப்பு. கதை வேண்டாம். முதல் தடவை அகராதி இல்லாமல் கடைசிவரை போங்கள். இரண்டாம் தடவை, பக்கத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்த சொல்லையும், வாக்கியத்தின் வினைச்சொல்லையும் மட்டும் பாருங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

வேற்றுமைஉருபு எழுதியது:
இரண்டாவது கேள்வி எனக்கு. பலர் ஸ்பானிஷ் இலக்கணத்தை ஆங்கில வழிப் புத்தகத்தில் படிக்கிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவனுக்கு எது கஷ்டமோ அதற்குத்தான் அதில் ஐம்பது பக்கம் இருக்கும். அதில் பாதி தமிழனுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

'மே குஸ்தா எல் லிப்ரோ' என்பதைப் புரியவைக்க அந்தப் புத்தகங்கள் படாத பாடு படும். நமக்கு அது 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்', அவ்வளவுதான். நான்காம் வேற்றுமை. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மே துவேலே லா கபேசா'. 'எனக்குத் தோன்றுகிறது' என்பது 'மே பரேசே'. 'என் தலை' என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆனால் இந்த வசதிக்குள்ளேயே இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று, 'பிடிக்கும்' எதற்கும் மாறாது, 'குஸ்தா' மாறும். புத்தகங்கள் என்றால் 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. தமிழர் எழுதும் தாளில் இந்த 'ன்' விடுபடுவது சர்வ சாதாரணம். இரண்டு, தமிழில் 'எனக்கு' வருகிற இடமெல்லாம் அங்கே வராது. 'எனக்குத் தெரியும்' வெறும் 'சே'. 'எனக்குப் பசிக்கிறது' என்பது 'தெங்கோ அம்ப்ரே', பசியை வைத்திருக்கிறேன் என்கிற அமைப்பு.

அடுத்தது இதைவிட அழகு. ஸ்பானிஷில் செயப்படுபொருள் மனிதராக இருந்தால் முன்னால் 'ஆ' வரும்: 'வேயோ ஆ ஆனா', ஆனாவைப் பார்க்கிறேன். பொருளாக இருந்தால் வராது. தமிழில் 'புத்தகம் படித்தேன்' என்று ஐ இல்லாமல் சொல்லலாம், 'மாலா பார்த்தேன்' என்று மாலாவைப் பார்த்ததைச் சொல்ல முடியாது. அதே சிந்தனை. இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள்:

'புஸ்கோ உன் மெதிக்கோ கே சேப்பா தமில்': தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர் வேண்டும், யாராக இருந்தாலும் சரி. 'ஆ' இல்லை, வினை சப்ஜங்டிவ் (உறுதியில்லாததைச் சொல்லும் வடிவம்).
'புஸ்கோ ஆ உன் மெதிக்கோ கே சாபே தமில்': தமிழ் தெரிந்த ஒரு டாக்டரைத் தேடுகிறேன், ஆள் யார் என்று எனக்குத் தெரியும். 'ஆ' உண்டு, வினை சாதாரண இந்திகதீவோ (உள்ளதைச் சொல்லும் வடிவம்).

'டாக்டர் தேடுகிறேன்', 'டாக்டரைத் தேடுகிறேன்' என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் 'ஐ' தானாக வருகிறதோ அங்கே 'ஆ' போட்டால் பத்துக்கு எட்டு தடவை சரி. தவறுகிற இடம் ஒன்று: 'தெனேர்' (வைத்திரு) வினைக்கு, வெறுமே 'உண்டு' என்ற பொருளில், 'ஆ' வராது. 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்'. அங்கே தமிழும் 'எனக்கு இரண்டு அண்ணன் தம்பி' என்றுதான் சொல்கிறது.

இறந்தகாலம் இரண்டு இருப்பதும் அப்படித்தான். 'நேற்று ஆற்றுக்குப் போனோம்' என்பது 'ஃபுயீமோஸ்'. 'சின்ன வயதில் ஆற்றுக்குப் போவோம்' என்பது 'இபாமோஸ்'. பழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தை எடுக்கிறது, ஸ்பானிஷ் இம்பெர்ஃபெக்தோ என்ற தொடர் இறந்தகாலத்தை எடுக்கிறது. 'போய்க்கொண்டிருந்தோம்' என்பதும் அதே 'இபாமோஸ்'தான். 'தெரியவந்தது' என்றால் 'சூப்பே', 'தெரிந்திருந்தது' என்றால் 'சபீயா'.

செர், எஸ்தார் என்று 'இரு'வுக்கு இரண்டு வினை இருக்கும் குழப்பத்துக்கும் ஒரு கைவிளக்கு உண்டு. தமிழில் வினையே இல்லாத வாக்கியம் என்றால் செர்: 'அவர் ஆசிரியர்'. 'இரு' வருகிறது என்றால் எஸ்தார்: 'அவர் வீட்டில் இருக்கிறார்'.

பிழைதிருத்தி எழுதியது:
வேற்றுமைஉருபு ஐயா, மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். கடைசிக் கைவிளக்கை மட்டும் கொஞ்சம் அணையுங்கள். 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்கிறோம். ஸ்பானிஷில் 'எஸ் ஆல்தா', செர்தான் வரும். 'எஸ்தா ஆல்தா' என்றால் வளர்ந்துவிட்டாளே என்ற வியப்பு. 'வீடு பெரிதாக இருக்கிறது', 'பாட்டி நல்லவளாக இருந்தாள்' எல்லாவற்றிலும் 'இரு' இருக்கிறது, எல்லாமே செர். பண்பைச் சொல்லும் 'ஆக இரு' வந்தாலே அந்த விதி கவிழ்ந்துவிடும்.

வேற்றுமைஉருபு எழுதியது:
சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். இடத்துக்கும் அப்போதைய நிலைக்கும் மட்டும் என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு இடத்தில் அந்த விளக்கு நன்றாகவே எரியும். நிகழ்ச்சி எங்கே என்று சொல்லும்போது ஸ்பானிஷ் செர் போடும்: 'லா ரெயுனியோன் எஸ் என் எல் ஔலா த்ரேஸ்'. இடம் என்றால் எஸ்தார் என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் இதில் தடுக்கி விழுவார்கள். தமிழிலோ 'கூட்டம் மூன்றாம் அறையில்', வினையே கிடையாது. 'கூட்டம் அறையில் இருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை.

பிழைதிருத்தி எழுதியது:
அந்த ஒன்றுக்காக மன்னித்தோம். இப்போது எழுத்துப் பக்கம் வருகிறேன், மதிப்பெண் அங்கேதான் போகிறது.

தமிழர் எழுதும் ஸ்பானிஷைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது வினையெச்சம். 'வந்து, சாப்பிட்டு, போனான்' என்று அடுக்குவது நம் இயல்பு. அதை அப்படியே 'வினியெந்தோ, கொமியெந்தோ' என்று ஹெருந்தியோவாக (ஆங்கிலத்தின் 'இங்' போன்ற வினைவடிவம்) மாற்றினால் தப்பு. ஸ்பானிஷ் ஹெருந்தியோ முக்கிய வினையோடு கூடவே நடப்பதை அல்லது அதற்குச் சற்று முன் நடப்பதைச் சொல்லும். அதற்குப் பிறகு நடப்பதைச் சொன்னால் ஆசிரியர் சிவப்பு மையில் 'பின்னிகழ் ஹெருந்தியோ' என்று எழுதிவிடுவார். முறை எளிது: மூன்று செயலுக்கு மூன்று முழு வினை போட்டு, கடைசிக்கு முன் 'இ' (மற்றும்) சேருங்கள். 'வீனோ, கொமியோ இ சே ஃபுவே'.

இரண்டாவது, பெயரெச்சம். 'நான் வாழும் வீடு' என்பதில் 'இல்' காணாமல் போய்விடுகிறது, நமக்கு அது தேவையே இல்லை. ஸ்பானிஷுக்குத் தேவை: 'லா காசா என் லா கே பீபோ'. 'என்' விடுபட்டால் வாக்கியம் முறியும். நீளமான பெயரெச்சத் தொடர் எழுதும்போதெல்லாம் நிறுத்தி, 'எதில், எதோடு, எதைப் பற்றி' என்று கேளுங்கள். கிடைக்கிற உருபை 'கே'வுக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள்.

மூன்றாவது, வினையோடு ஒட்டிவரும் முன்னிடைச்சொல். ஒன்றைப் பொறுத்திருப்பது 'தெபெந்தேர் தே'. கனவு காண்பது 'சொஞார் கொன்'. நினைப்பது 'பென்சார் என்'. அடங்கியிருப்பது 'கொன்சிஸ்தீர் என்'. தர்க்கம் தேடாதீர்கள். வினையைத் தனியாக எழுதி வைக்காமல் இடைச்சொல்லோடு சேர்த்தே அட்டையில் எழுதுங்கள்.

மற்றவை சின்னவை, ஆனால் தாளுக்குத் தாள் வரும். மாதம், கிழமை, மொழிப்பெயர் எல்லாம் சிறிய எழுத்தில் தொடங்கும். நூல் தலைப்பில் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. மேற்கோளுக்கு முதலில் கோண வடிவக் குறி, அதற்குள் இன்னொரு மேற்கோள் வந்தால்தான் இரட்டைக் குறி. தலைகீழ்க் கேள்விக்குறி வாக்கியத்தின் தொடக்கத்தில் வர வேண்டும் என்பதில்லை, கேள்வி எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அங்கே.

ஒலிப்பெட்டி எழுதியது:
நாலாவது கேள்விக்கு நேரடிப் பதில்: எதையாவது ஒன்றை எடுங்கள், கலக்காதீர்கள். ஸ்பெயினின் வடக்கிலும் நடுவிலும் 'காசா' என்று நாம் தமிழில் எழுதும் வீட்டுக்கும் வேட்டைக்கும் வெவ்வேறு ஒலி. வேட்டையில் நாக்குநுனி பல்லிடையே வரும். லத்தீன் அமெரிக்கா முழுக்க, கேனரித் தீவுகள், தென் ஸ்பெயினில் ஆந்தலூசியாவின் ஒரு பகுதியில் இரண்டும் ஸ தான். அதற்கு 'செசேயோ' என்று பெயர். அது கொச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஸ்பானிஷ் மொழிக்கான அரச கல்விக்கழகமே ஏற்ற வழக்கு. ஒரே வாக்கியத்தில் பாதி அப்படி, பாதி இப்படி வந்தால்தான் காதில் உறுத்தும். பேசுவதற்கு ஒன்று போதும், கேட்டுப் புரிந்துகொள்ள எல்லாம் வேண்டும். அர்ஜென்டினா, உருகுவேயில் 'நீ' என்பது 'து' இல்லை 'வோஸ்'. 'தியேனெஸ்' இல்லை 'தெனேஸ்'. ஸ்பெயினின் 'வொசோத்ரோஸ்' கடலைத் தாண்டினால் அன்றாடப் பேச்சில் கிடையாது.

இப்போது தமிழ் நாக்கு. நல்ல செய்தி முதலில். ஸ்பானிஷ் ப, த, க மூச்சு தெறிக்காத ஒலிகள், நம்முடையதைப் போலவே. அதேபோல அவர்களின் மெல்லோசைகள் மூக்கொலிக்குப் பின் கெட்டியாகவும், உயிர்களுக்கு நடுவே இளகியும் வரும். 'பந்து' என்பதில் வரும் தகரத்தையும் 'அது' என்பதில் வரும் தகரத்தையும் ஒப்பிட்டால் போதும். 'தங்கம்', 'நகம்' அதே கதை. மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகும் இந்த இளகல் நமக்குப் பிறவிச் சொத்து.

கெட்ட செய்தியும் அதிலேயே இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் வல்லினத்தை நாம் தானாக இளக்கிவிடுகிறோம். 'பெக்கார்' என்றால் பாவம் செய்வது, 'பெகார்' என்றால் ஒட்டுவது அல்லது அடிப்பது. 'காத்தா' என்றால் சுவைத்துப் பார்த்தல், 'காதா' என்றால் ஒவ்வொரு. இரட்டித்துச் சொன்னால் வல்லொலி வரும், ஆனால் தமிழில் 'பக்கம்' என்பதில் நாக்கு ஒரு கணம் நிற்கும். ஸ்பானிஷில் நிற்கக் கூடாது. தொட்டதும் விட வேண்டும். பயிற்சி: 'பக்கம்' சொல்லுங்கள், பிறகு அந்த நிற்றலைப் பாதியாக்குங்கள், பிறகு இன்னும் பாதி. ஒலிப்பதிவு செய்து கேட்டால்தான் தெரியும்.

இதனால்தான் நோட்டில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதவே கூடாது. இந்த இழையில் எழுதுகிறோம், அது வேறு விஷயம். பழகிவிட்டால் க எது, ககர வல்லொலி எது என்று கண்ணே மறந்துவிடும்.

அழுத்தம் அடுத்த பிரச்சினை. நமக்குக் குறில் நெடில் உண்டு, அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு அழுத்தம்தான் பொருளைப் பிரிக்கும். 'தெர்மினோ' என்ற சொல்லை முதலசையில் அழுத்தினால் 'கலைச்சொல்'. நடுவில் அழுத்தினால் 'முடிக்கிறேன்'. கடைசியில் அழுத்தினால் 'முடித்தான்'. விதி இரண்டே வரி: உயிரிலோ, ன் அல்லது ஸ் ஒலியிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்திய அசை, மற்ற மெய்யில் முடிந்தால் கடைசி அசை. இதை மீறும் சொல்லுக்கு மேலே கோடு. ஆக, கோடு அலங்காரம் இல்லை, விட்டால் எழுத்துப் பிழையாகவே எண்ணப்படும்.

றகரம்: சொல்லின் தொடக்கத்திலும், ன், ல், ஸ் ஒலிகளுக்குப் பின்னும், இரட்டித்து எழுதும்போதும் உருட்டல். மற்ற இடத்தில் நம் ரகரமே போதும். 'பெரோ' என்றால் ஆனால், உருட்டினால் நாய்.

புதுத்தாள் எழுதியது:
நன்றி, இதில் பாதியை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. பாடத்திட்டத்தில் 'கொமெந்தாரியோ தே தெக்ஸ்தோ' என்று அடிக்கடி வருகிறது. பொழிப்புரை மாதிரியா? கூடவே மொழி வரலாறும் இருக்கிறது, லத்தீன் தெரியாமல் முடியுமா?

ஓலைச்சுவடி எழுதியது:
பொழிப்புரை என்று நினைப்பதுதான் அதில் தோற்பதற்கு முதல் காரணம். பனுவல் என்ன சொல்கிறது என்று திரும்பச் சொன்னால் மதிப்பெண் கிடையாது. எப்படிச் சொல்கிறது, அதனால் என்ன விளைகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு மணி நேரத் தாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 25 நிமிடம் எழுதவே கூடாது. மூன்று தடவை வாசிப்பு: ஒன்று பொருளுக்கு, ஒன்று வடிவத்துக்கு, ஒன்று இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று பார்க்க. பிறகு எழுதும் வரிசை: பனுவல் எந்தக் காலம், எந்த வகை என்பது நாலைந்து வரி. அடுத்து 'தேமா', மையப்பொருள். இதை ஒன்றிரண்டு வரியில், பண்புப் பெயரில் தொடங்கி எழுத வேண்டும். 'கவிஞர் காதலியைப் பார்க்கிறார், பிறகு அழுகிறார்' என்பது கதைச்சுருக்கம். 'திரும்பி வராத காலத்தின் முன் காதலனின் இயலாமை' என்பது தேமா. பிறகு அமைப்பு, எந்த வரியிலிருந்து எந்த வரிவரை ஒரு பகுதி, எந்தச் சொல்லில் திருப்பம். அதன் பிறகு மொழி ஆய்வு. பாதி நேரம் இதற்குத்தான். அணிகளைப் பட்டியல் போடாதீர்கள். 'மூன்றாம் வரியில் உருவகம் உள்ளது' என்று நிறுத்தினால் பூஜ்யம். அந்த உருவகம் தேமாவுக்கு என்ன செய்கிறது என்ற இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் மதிப்பெண்.

செய்யுள் வந்தால் அசை எண்ண வேண்டும். அசை, சீர் பழகியவர்களுக்கு மனத்தடை இருக்காது, விதிதான் வேறு. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஓரசை, 'சினலேஃபா'. நம் உடம்படுமெய்க்கு நேர் எதிர்: நாம் நடுவே ய், வ் போட்டுப் பிரித்து ஒலிக்கிறோம், அவர்கள் ஒட்டிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு வரி கட்டிக்கொள்வோம்: 'லா லூனா எந்த்ரா என் லா காசா அபியெர்தா', திறந்த வீட்டுக்குள் நிலா வருகிறது. சொல் சொல்லாக எண்ணினால் 12. 'நா எந்', 'த்ரா என்', 'சா அ' மூன்றும் ஒட்டுவதால் 9. கடைசிச் சொல்லின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்: கடைசி அசையில் விழுந்தால் ஒன்று கூட்டு, கடைசிக்கு முந்தியதில் விழுந்தால் அப்படியே, அதற்கும் முன்னால் விழுந்தால் ஒன்று கழி. இங்கே 'அபியெர்தா', ஆகவே 9தான். 11 வந்தால் அந்த வரிக்கு எந்தெகசீலபோ என்று பெயர். சொனெத்தோ என்பது அப்படி 14 வரி. நாட்டார் மரபின் 'ரொமான்சே' 8 அசை, இரட்டை வரிகளில் மட்டும் உயிர்களால் இயைபு.

மொழி வரலாற்றுக்கு லத்தீன் இலக்கணம் முழுவதும் வேண்டியதில்லை; ஒலி மாற்றம் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் ஓட்டலாம். அதுவும் வறட்டு மனப்பாடம் இல்லை, இன்றைய இலக்கணத்துக்கு விடை அங்கே இருக்கிறது. லத்தீனின் குறில் ஒகரம் அழுத்தம் பெற்ற இடத்தில் 'உவே' ஆனது: 'போர்த்தும்' துறைமுகம் 'புவெர்த்தோ' ஆனது. குறில் எகரம் 'இயெ' ஆனது: 'தெர்ரா' நிலம் 'தியெர்ரா' ஆனது. இப்போது 'புவேதோ', 'பொதேமோஸ்' என்ற வினையைப் பாருங்கள். முடியும் என்ற அந்த வினையில் 'நான்' வடிவத்தில் அழுத்தம் அடிச்சொல்லில், ஆகவே 'உவே'. 'நாங்கள்' வடிவத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டது, ஆகவே பழைய ஒகரம் தப்பித்தது. ஒழுங்கற்ற வினை என்று பட்டியலாகப் படித்ததில் பெரும்பகுதி இந்த ஒரே விதியின் நிழல்.

சொல் முதல் ஃப மறைந்து, எழுத்தில் மட்டும் ஊமை எழுத்தாக நிற்கும்: 'ஃபரீனா' மாவு 'அரீனா' ஆனது. 'உவே' முன்னால் பிழைத்தது, 'ஃபுவேகோ' நெருப்பு. பழைய பனுவலில் 'ஃபெர்மோசோ' என்று பார்த்தால் 'எர்மோசோ'தான் என்று கண்டுகொள்ளலாம். அங்கேயே 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற மரியாதை விளியும் வரும், 'தங்கள் கருணை' என்பது போல. அது தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது. 'நீங்கள்' என்று சொல்லிவிட்டு ஏன் படர்க்கை வினை போடுகிறார்கள் என்ற குழப்பமும் அதோடு தீர்ந்தது.

முத்திரைத்தாள் எழுதியது:
மூன்றாவது கேள்வி அப்படியே கிடக்கிறதே.

டெலே என்பது 1991இல் தொடங்கிய செர்வான்தெஸ் நிறுவனம், ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் தரும் சான்றிதழ். காலாவதி கிடையாது. ஏ1 முதல் சி2 வரை எந்த நிலை என்று முன்கூட்டியே தேர்ந்து எழுதணும். தேறலாம் அல்லது தவறலாம், நடுவே எதுவும் இல்லை. சியெலே கணினியில் எழுதுவது. செர்வான்தெஸ் நிறுவனத்தோடு சலமான்கா பல்கலைக்கழகம், மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகமான உனாம், புவெனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்துகின்றன. தேர்ச்சி, தோல்வி இல்லை. 1000க்கு மதிப்பெண், அதற்கேற்ற நிலை, சி1 வரை. முடிவு மூன்று வாரத்துக்குள். ஐந்து வருடம் செல்லும்.

விண்ணப்பக் கெடு நெருங்கினால் சியெலே. நேரம் இருந்தால் டெலே பி2. உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறது என்பதை அவர்களின் சேர்க்கைப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டெலே பி2இல் ஆள் விழும் இடம்: வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்குக்கும் தலா 25. வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்டலும் பேச்சும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவிலும் 50க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. முதல் குழுவில் 48 எடுத்து, இரண்டாவதில் 29 எடுத்தால் மொத்தம் 77, ஆனாலும் இல்லை. பேச்சில் நன்றாக வருகிறவர்கள் கேட்டலைக் கவனிக்காமல் விட்டு இப்படி மாட்டுகிறார்கள்.

ஸ்பெயினுக்கு ஆவணம் அனுப்புவதாக இருந்தால் ஒரு வரிசை: முதலில் அப்போஸ்டில் (ஆவணம் அயல்நாட்டில் செல்லும் என்ற சான்று) முத்திரை, பிறகு உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு. தலைகீழாகச் செய்தால் அப்போஸ்டில் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், திரும்பவும் காசு.

புதுத்தாள் எழுதியது:
சியெலே எழுதிவிடுகிறேன், கெடு பக்கம். பண்பாட்டுத் தாளுக்கு எங்கிருந்து தொடங்குவது? இருபது நாடு இருக்கிறது.

ஓலைச்சுவடி எழுதியது:
ஆண்டுகளிலிருந்து. 711, 1492, 1808, 1898, 1931, 1936 முதல் 1939, 1975, 1978. இந்த எட்டுக்கும் என்ன நடந்தது, அதன் எதிரொலி எழுத்தில் எங்கே கேட்கிறது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிவைத்தால் ஸ்பெயின் பாதி முடிந்தது. 1898 ஸ்பெயினுக்குக் கியூபா, புவெர்த்தோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் பறிபோன வருடம். அந்த அதிர்ச்சியை வைத்து ஒரு எழுத்தாளர் தலைமுறைக்கே '98' என்று பெயர். லத்தீன் அமெரிக்காவை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். மெக்சிகோ, ஆண்டீஸ் மலைநாடுகள், கரீபியன், லா ப்ளாத்தா ஆற்றுப்பகுதி என்று பிரித்துக்கொண்டு, ஒன்றை ஆழமாக எடுங்கள்.

இன்னொன்று. 'ஸ்பெயினின் மொழி ஸ்பானிஷ்' என்று கட்டுரையைத் தொடங்கிவிடாதீர்கள். 1978 அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு 'காஸ்தெய்யானோ' அரசின் அலுவல்மொழி என்கிறது. மற்ற மொழிகள் அந்தந்தத் தன்னாட்சிப் பகுதிகளில் கூட அலுவல்மொழி. கத்தலான், கலீசியன், பாஸ்க். இதில் பாஸ்க் லத்தீன் வழி வந்ததே இல்லை. பராகுவேயில் குவரானியும் அலுவல்மொழி. மொழிக்கு எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதிலேயே அரசியல் இருக்கிறது. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:
கருவிகளை யாரும் சொல்லவில்லை. 1713இல் தொடங்கிய அரச கல்விக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம், வினைத் திரிபு அட்டவணையோடு. எது சரி என்று சந்தேகம் வந்தால் அவர்களின் ஐயத் தீர்வு அகராதி தனியாக இருக்கிறது. அதைவிட முக்கியம் சொல்வங்கிகள்: 2001க்குப் பின் என்றால் கோர்பெஸ், 1975 முதல் 2004 வரை க்ரேயா, அதற்கு முன் எல்லாம் கோர்தே. நாடு வாரியாகப் பிரித்துத் தேடலாம். 'பென்சார் என்', 'பென்சார் தே' இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று யாரிடமும் கேட்க வேண்டாம். இருபது உதாரணம் எடுத்து அடுக்கினால் தெரிந்துவிடும். கருத்தரங்கக் கட்டுரைக்குச் சான்றாகவும் அதைக் காட்டலாம். பழைய இலக்கியத்துக்கு அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய செர்வான்தெஸ் மெய்நிகர் நூலகம்.

நூலகத்தில் தேடும்போது ஒரு நுணுக்கம். ஸ்பானியர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு; அகரவரிசை முதலாவதில். உலகம் 'லோர்கா' என்று சொல்லும் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா, அடுக்கில் 'கார்சியா' வரிசையில் இருப்பார். மேற்கோள் பட்டியலில் இரண்டாவது பெயரை முதலில் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள் வருடா வருடம் உண்டு.

புதுத்தாள் எழுதியது:
கடைசியாக ஒன்று. துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பணும். 'து'வா, 'உஸ்தெத்'தா?

பிழைதிருத்தி எழுதியது:
முதல் மடலுக்கு உஸ்தெத். ஸ்பெயினில் பலர் பதிலில் 'து' என்றே எழுதுவார்கள். அதன் பிறகு நீங்களும் மாறிக்கொள்ளலாம். கொலம்பியா போன்ற இடங்களில் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் புழங்கும், ஆகவே அங்கே அதை விலகல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'எஸ்திமாதோ ப்ரொஃபெசோர்', கூடவே முதல் குடும்பப் பெயர். பெண் என்றால் 'எஸ்திமாதா ப்ரொஃபெசோரா'. அதற்குப் பின் கமா போடாதீர்கள், முக்காற்புள்ளி. அடுத்த வரி பெரிய எழுத்தில் தொடங்கணும்.